நாலு கடையும் ஒரு போர்ட்டும்

காக்கா,

நேற்று மகன் என்னைப் புளியந்தீவில் புதிதாகத் திறந்த ஒரு சுப்பர் மார்க்கட்டுக்குக் கூட்டிப் போனான். கண்ணாடிக் கதவு தானாக விலகியது. உள்ளே குளிர். நாலு அடி வைத்திருப்பேன், புது மட்டைப் பெட்டியும் சவுக்காரமும் எங்கோ உடைந்த மாசிக் கருவாட்டுப் பொட்டலமும் கலந்த ஒரு வாசம் மூக்கில் ஏறியது. கால் நின்றுவிட்டது. "என்னம்மா, தலை சுத்துதா?" என்று மகன் கையைப் பிடித்தான். இல்லை என்றேன். கொழும்பிலிருந்து வந்த நமது முதல் லொறியை என் கடை வாசலில் நீங்கள் அவிழ்த்தபோது அடித்த வாசம் அது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? அப்போது அவனுக்கு இரண்டு வயது.

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. உங்களோடு பேசவேண்டியதைப் பேசுவதற்கு எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. உங்கள் காத்தான்குடிக்கும் எங்கள் செட்டிபாளையத்துக்கும் ஆறேழு மைல். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது எழுதுகிறேன், இனி நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில்.

முதல் தடவை நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தது கருவாடு வாங்க. என் கணவர் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம். அவர் விட்டுப்போன கடையில் நான் இருந்தேன். வாசலை அடைத்தபடி ஒரு பெரிய மேசை, அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் சாமான். அரைக் கொத்து அரிசி, ஒரு கட்டிச் சவுக்காரம் என்று வெளியே நின்று கேட்பார்கள். நான் எழும்பி எடுத்துக் கொடுப்பேன். நீங்கள் வெயிலில் நின்று சோடா குடித்துக்கொண்டு அதைப் பார்த்தீர்கள். குவைத்தில் ஆறு வருடம் ஒரு பெரிய சுப்பர் மார்க்கட்டில் வேலை செய்துவிட்டு வந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

"இந்த மேசைய ஏன் தங்கச்சி வாசல்ல போட்டிரிக்காய்?" என்று கேட்டீர்கள்.

"ஆக்கள் உள்ள வராம இரிக்க."

"உள்ள வரட்டுமே."

"களவு போகாதா?"

"போகும். ஒண்டு போகும், ரெண்டு போகும். மறுகா போகா. தன்ட கையால எடுத்துப் பழகினவன் களவெடுக்க வெட்கப்படுவான்."

எனக்கு உங்களைப் பைத்தியம் என்று தோன்றியது. அண்ணன் என்று கூப்பிட்டேன். "எங்கட ஊரில காக்கா எண்டுதான் சொல்லுற. நீயும் அப்பிடிச் சொல்லு புள்ள" என்றீர்கள். அடுத்த கிழமை திரும்பி வந்தபோது உங்களோடு உங்கள் தம்பி றசீனும் வந்தான், ஒரு வாளும் சுத்தியலும் கொண்டு. என் சம்மதத்தைக் கேட்டீர்களா என்று ஞாபகம் இல்லை. மேசையை அறுத்து, சாமான் அடுக்கச் சுவரோடு நாலு றாக்கை அடித்தீர்கள். பின்னேரத்துக்குள் என் கடைக்கு வாசல் வந்துவிட்டது.

முதல் நாள் வந்தவர்கள் உள்ளே நுழையப் பயந்தார்கள். ஒரு மீன்காரப் பெண் சவுக்காரத்தைக் கையில் எடுத்துவிட்டு, எடுத்தது தப்போ என்று என்னைப் பார்த்தாள். காலம் காலமாக வாசலுக்கு வெளியே, படிக்கும் கீழே நின்று வாங்கிப் பழகிய குடும்பங்கள் எங்கள் ஊரில் இருந்தன. சாதி என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அவர்களுக்கு நிற்கும் இடம் தெரியும், எங்களுக்கும் தெரியும். மேசை போனபிறகு அவர்கள் நிற்க அந்த இடம் இல்லாமல் போனது. உள்ளே வந்தார்கள். ஊரில் சிலர் என் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். உங்களிடம் சொன்னேன். "பசிச்சா வருவாங்க" என்றீர்கள். வந்தார்கள்.

பிறகுதான் நாலு கடை. உங்களுடையது காத்தான்குடியில், என்னுடையது செட்டிபாளையத்தில். புளியந்தீவில் அந்தோனி அண்ணனின் கடை. வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், வெல்லாவெளியில் பூபாலப்பிள்ளை அண்ணனுடையது. அவர் வயல் வைத்திருந்த போடியார் வீட்டு ஆள். குரலும் அப்படித்தான். அவரவர் கடை அவரவருடையது. யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. ஆனால் சாமான் கொழும்பில் ஒன்றாக வாங்குவது, றசீனின் லொறியில் ஒன்றாக இறக்குவது, நாலு கடைக்கும் ஒரே பெயர். பெயர் வைத்தது அந்தோனி அண்ணன்: நீலவாவி சுப்பர் மார்க்கட். நீலத்தில் வெள்ளை எழுத்து. நாலு போர்ட்டையும் ஒரே நாளில் உங்கள் ஊர்ப் பெயின்டர் எழுதினார்.

"நாலு பேர் நாலு கடையா நிண்டா கொழும்பில எங்கள ஒருத்தனும் கணக்கெடுக்கான். ஒரு போர்ட்டோட போனா கதிர போட்டு இருத்துவான்" என்றீர்கள். கொழும்பு மொத்த வியாபாரி கதிரை போட்டதையும், பூபாலப்பிள்ளை அண்ணன் அதில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததையும் வந்து நடித்துக் காட்டினீர்கள். நாங்கள் சிரித்தோம். அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது. இவ்வளவு எளிதாகச் சிரித்தவர்கள் பிறகு இவ்வளவு எளிதாக என்னவெல்லாம் செய்தோம்.

சண்டை வந்தபோது அந்த ஒரே போர்ட்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆமிக்காரன் ஒரு சென்றியில் லொறியை மறித்து மூட்டையைக் குத்திப் பார்ப்பான், அடுத்த சென்றியில் கொட்டச் சொல்வான். சீனி தெருவில் கொட்டிக் கிடக்கும். படுவான்கரைக்கு டோர்ச் பற்றறி கொண்டுபோகக் கூடாது, சவுக்காரம் இத்தனைதான், பால்மா இத்தனைதான் என்று மாதத்துக்கு ஒரு சட்டம். நீங்கள் லொறியின் முன்பக்கம் இருந்து, தெரிந்த சிங்களம் அத்தனையும் பேசி, சிரித்து, சில இடத்தில் திட்டு வாங்கி, கொண்டுவந்து சேர்த்தீர்கள். வெல்லாவெளிக்கு உரியதைத் துறையில் இறக்கித் தோணியில் ஏற்றுவோம். பூபாலப்பிள்ளை அண்ணன் அக்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்து நிற்பார்.

பால்மாவுக்கு மட்டும் ஒரு முறை வைத்தீர்கள். எந்த ஊரில் எத்தனை கைக்குழந்தையோ, அதன்படி பங்கு. மாதா மாதம் நான் ஊருக்குள் நடந்து பிள்ளைகளை எண்ணிச் சொல்வேன். கூட்டிச் சொல்கிறேனா என்று ஒருநாளும் நீங்கள் கேட்டதில்லை. ஒரு மாதம் நான் இரண்டு கூட்டிச் சொன்னேன். என் தங்கைக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். "என்ன புள்ள, இரட்டையா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அந்த வருடத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது.

நின்றிருந்த சண்டை திரும்பத் தொடங்கியது. உங்கள் ஊரில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். சுட்டவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள், இயக்கத்துப் பொடியன்கள். செத்தவர்களில் றசீன் ஒருவன். என் வாசலுக்கு வந்ததும் மூன்று தடவை ஹோன் அடித்து என் மகனைச் சிரிக்க வைக்கிற றசீன். எனக்குச் செய்தி வந்து சேர மூன்று நாள். கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து அழுதேன். உங்களிடம் வரவேண்டும் என்று நினைத்தேன். உங்கள் ஊர் வழியே போகும் தெரு அதற்குள் எங்களுக்கு மூடிவிட்டது.

அடுத்து வந்த கிழமைகளில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வெட்டும் தீயும். வயல் வட்டையிலிருந்து திரும்பிவந்த என் தங்கையின் கணவரை வழியில் மறித்து வெட்டிப் போட்டார்கள். வெட்டியவர்கள் உங்கள் பக்கத்து ஆட்கள், ஆமி பின்னால் நின்றது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தங்கையின் பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். அவளையும் பிள்ளையையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளுக்குப் பால் சுரப்பு நின்றுபோனது. றசீனுக்காக அழுத கண் எனக்கு அத்தோடு வற்றிவிட்டது. உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால் வாயில் கசப்பு ஊறியது. உண்மையைச் சொல்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அது எனக்குள்ளேதான் ஊறியது.

மூன்று மாதம் அப்படிப் போனது. கடையில் உப்பும் கொஞ்சம் கருவாடும் மட்டும். ஒரு மத்தியானம் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருத்தன் வந்தான். இயக்கத்தில் இருந்தவன். முன்பு என் கடையில் பிஸ்கற் வாங்கித் தின்றவன்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"அக்கா, அந்தக் காக்காட பேரோட இரிக்கிற போர்ட் இனி இஞ்ச தொங்கப்படாது."

"அதில அவர்ட பேர் இல்லையே தம்பி. வாவிட பேர்தானே."

"அவர்ட கடையிலயும் அதே பேர்தானே கிடக்கு. நாளைக்கு இந்தப் பக்கம் வருவன்."

அவ்வளவுதான் சொன்னான். துவக்கை எடுத்து நீட்டவில்லை. நான் ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. அன்று பின்னேரமே நாற்காலியில் ஏறி, வீட்டுக் கதவுக்கு வாங்கிவைத்திருந்த பச்சைப் பெயின்டைப் பூசி அந்த நீலத்தை மூடினேன். மகன் கீழே நின்று பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டிருந்தான். "றசீன் மாமா வந்தா கடையக் கண்டுபிடிக்க மாட்டாரேம்மா" என்றான்.

இதுவரை நான் செய்தது பயத்தில் செய்தது. யாரும் செய்திருப்பார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். பிறகு செய்ததுதான் பயத்தில் செய்ததல்ல.

அந்தோனி அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார், மூன்று பேரும் ஒருக்கால் சந்திக்கவேணும் என்று. தெருவால் போக முடியாததால் வாவி வழியே தோணியில் போனேன். உங்கள் ஊர்க்கரை வலது பக்கம் வந்தது. தோணிக்காரர் தள்ளி, நடு வாவிக்குள் விட்டார். நான் இடது பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்தோனி அண்ணனின் கடைக்குப் பின்னறையில் மூன்று பேரும் இருந்தோம். பூபாலப்பிள்ளை அண்ணன் ஒரு நாள் நடந்து, பாதித் தூரம் தோணியில் வந்திருந்தார். கால் வீங்கியிருந்தது.

"போர்ட்ட மட்டும் மாத்தினாக் காணாது" என்றார் அந்தோனி அண்ணன். "நாளைக்கு ஆரும் கேட்டாக் காட்ட ஒரு கடிதம் வேணும். அவருக்கும் எங்களுக்கும் தொடர்பில்ல எண்டு. நகல் ஆளுக்கொண்டு கையில இரிந்தா நல்லம்."

பூபாலப்பிள்ளை அண்ணன் வீங்கிய காலைத் தடவிக்கொண்டிருந்தார். தன் கடையிலும் மேசையை எடுத்தபோது, எல்லாரும் உள்ளே வந்தால் என்ன ஆவது என்று முதலில் சண்டை பிடித்தவர் அவர். கடைசியில் அவர்தான் சொன்னார், "அந்த மனுசன்ட தம்பி செத்துக் கிடக்கான். இப்ப இதையும் எழுதோணுமா?"

"எழுதாட்டி நாங்க கிடப்பம்" என்றார் அந்தோனி அண்ணன்.

என் கையெழுத்து அழகு என்று நீங்கள் சொல்வீர்கள். கொழும்புக்கு அனுப்பும் கடிதம் எல்லாம் என்னைக் கொண்டே எழுதுவித்தீர்கள். அன்றும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். அந்தோனி அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். இன்று தொடக்கம் தங்கள் கடைக்கும் எங்கள் மூவரின் கடைகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று இரண்டு வரி. காய்ந்த வரிகள். அதோடு விட்டிருந்தால் நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள், யாரோ எழுதச் சொல்லித்தான் எழுதினார்கள் என்று.

நான் பேனையை வைக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தேத்தண்ணிக்கு எழும்பினார்கள். நான் கீழே இன்னொரு வசனம் எழுதினேன், யாரும் சொல்லாமல்: உங்கள் ஆட்கள் எங்கள் ஊர்களில் செய்தவற்றுக்குப் பிறகு, உங்கள் கையால் வரும் எதையும் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

றசீனைப் பற்றி ஒரு சொல் அதில் இல்லை.

பூபாலப்பிள்ளை அண்ணன் கையெழுத்துப் போடுமுன் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "புள்ள, இது வேணுமா?" என்றார். "வேணும்" என்றேன். போட்டார். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கையில் அந்தோனி அண்ணன் அதைக் கொடுத்துவிட்டார். நான் திரும்பவும் தோணியில் ஊருக்குப் போனேன். மனம் இலேசாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அன்று நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

பதினைந்து நாளிருக்கும். வெள்ளைக் கொடி கட்டிய ஒரு நிவாரண லொறி முதல்தடவையாக எங்கள் ஊருக்கு வந்தது. மாவும் பருப்பும் கோயில் மண்டபத்தில் இறக்கினார்கள். சாரதி என் கடையைத் தேடி வந்தார்.

"செட்டிபாளையத்துக் கடைக்கார அக்கா நீங்களா? காத்தான்குடியில ஒரு ஆள் ஏத்தி விட்டவர்."

ஆறு பெட்டி பால்மா. ஒவ்வொரு பெட்டியிலும் உங்கள் சாய்ந்த எழுத்தில், செட்டிபாளையம், முப்பத்தொரு பிள்ளைகள். கடைசியாக நான் எண்ணிச் சொன்ன கணக்கு. தெரு மூடுமுன் வந்து நின்ற கடைசி லொறியில் இருந்த எங்கள் பங்கு. மூன்று மாதம் உங்கள் ஊரிலும் பிள்ளைகள் பாலுக்கு அழுதிருப்பார்கள். நீங்கள் அதைத் தொடாமல் தனியாக வைத்திருந்திருக்கிறீர்கள். கடிதம் ஏதும் இருக்கிறதா என்று பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினேன். ஒன்றும் இல்லை.

"ஏதும் சொன்னவரா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. கவனமா இறக்கச் சொன்னவர்."

நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எழுதிய வசனத்துக்கு அந்த அளவு மரியாதையாவது செய்திருக்க வேண்டும். தங்கையின் பிள்ளை உள்ளே வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. முதல் பெட்டியை நானே உடைத்தேன். தண்ணீர் கொதிக்க வைத்து, ஆற்றி, அந்தப் பிள்ளையின் வாயில் கரண்டியால் ஊற்றினேன். உங்கள் கையால் வந்தது. முப்பத்தொரு வீட்டுக்கும் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம், "நிவாரண லொறியில" என்றேன். பொய் இல்லைத்தானே. பெட்டிகளை அடுப்பில் வைத்து எரித்தேன், உங்கள் எழுத்து யாருடைய கண்ணிலும் படக்கூடாது என்று.

பிறகு நடந்தவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பூபாலப்பிள்ளை அண்ணனை ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. திரும்பவில்லை. அவருடைய கடை எரிந்தது. அந்தோனி அண்ணன் மகளோடு கனடா போய்விட்டார். இப்போது பண்டிகைக்குப் பண்டிகை பனி மூடிய வாசலில் நின்று எடுத்த படம் அனுப்புகிறார். அந்த நகல் தன்னிடம் இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நகலைக் காட்டச் சொல்லி ஒருவரும் கடைசிவரை எங்களிடம் கேட்கவே இல்லை, காக்கா. பச்சைப் பெயின்ட் அடித்த மறுநாள் வருவேன் என்ற பொடியன்கூட வரவில்லை. அந்தக் கிழமையே எங்கோ சண்டையில் செத்துப்போனான்.

சமாதானம் பேசிய காலத்தில் தெரு திறந்தது. ஒரு நாள் சேலை மாற்றி, பஸ் ஏறி உங்கள் கடைக்கு வந்தேன். உங்கள் கடை பெருத்திருந்தது. வேறு பெயர். நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில் காசு வாங்கும் இடத்தில் இருந்தீர்கள். தாடி நரைத்திருந்தது. என்னைக் கண்டவுடன் அடையாளம் தெரிந்துகொண்டீர்கள். அது உங்கள் கண்ணில் தெரிந்தது. பேசவேண்டியதை எல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அதற்குப் பதிலாக, றாக்கையில் கைக்கு எட்டிய ஒரு தேயிலைப் பைக்கற்றை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் முன்னால் வைத்தேன்.

"வேற என்ன வேணும்?"

"இல்ல காக்கா. இது காணும்."

நீங்கள் அதைப் பையில் போட்டு நீட்டினீர்கள். "போயித்து வாங்க" என்றீர்கள்.

வாங்க. நாலு கடை வைத்திருந்த அத்தனை வருடமும் நீங்கள் என்னை "வா புள்ள, போ புள்ள" என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு மரியாதைச் சொல்லை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திட்டியிருந்தால் நின்று அழுதிருப்பேன். எனக்கு அப்போது உங்கள் மேல் கோபம்கூட வந்தது. ஒரு மனுஷி இத்தனை வருடத்துக்குப் பிறகு வந்து நிற்கிறாள், ஒரு சொல் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அடுத்த இருபது வருடத்தை ஓட்டினேன். கோபம் வசதியானது.

சண்டை முடிந்தபிறகு நல்லிணக்கம் என்று கூட்டங்கள் வைத்தார்கள். ஒரு ஹோட்டலில், மதியச் சாப்பாட்டோடு. தமிழ், முஸ்லிம் மக்களுக்கிடையில் நடந்த நல்ல விஷயம் ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து பால்மாக் கதையைச் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகள் என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். மண்டபமே கைதட்டியது. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை அணைத்தாள். கடிதத்தைச் சொல்லவில்லை. அதன்பிறகு இரண்டு கூட்டத்துக்கு அதே கதையைச் சொல்ல என்னை வண்டி அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனேன். உங்களை விற்றுச் சாப்பிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

நீங்கள் மௌத்தான செய்தி, எங்கள் ஊருக்கு மீன் எடுக்க வரும் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடக்கி ஒரு மாதம் கழிந்திருந்தது. வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி உங்களுக்காக இத்தா இருந்து, வெளியே வராமல் உள்ளறையில் இருந்தா. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதா. உங்கள் மகள்தான் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தது. அந்த நாட்களில் அவளுக்குப் பத்து வயது என்றாள்.

"எங்கட கடையில அந்த நீல போர்ட் மூணு மாசம் கிடந்திச்சி மாமி" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். "றசீன் சாச்சா மௌத்தான நாளிலிரிந்து ஊர் ஆக்கள் வந்து கழட்டச் சொன்னாங்க. தமிழாக்களோட சேத்து வச்ச பேர் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு. வாப்பா ஏலா எண்டுட்டாரு. 'தம்பியப் பறிகுடுத்தவன் நான். நானே கழட்டல்ல, நீங்க ஆரு கழட்டச் சொல்ல?' எண்டு கேட்டாரு. ஒரு நாள் வந்து கடையில இரிந்த கண்ணாடி எல்லாத்தையும் உடைச்சாங்க. உம்மா அழுதா. அப்பவும் கழட்டல்ல."

"மறுகா?"

"மறுகா ஒரு காயிதம் வந்திச்சி. நான்தான் வாசல்ல வாங்கின. வாப்பா நிண்டபடியே படிச்சாரு. திருப்பி ஒருக்காப் படிச்சாரு. குசினிக்குள்ள போய் அடுப்பில போட்டாரு. ஆருட காயிதம் எண்டு உம்மா கேட்டா. செட்டிபாளையத்துப் புள்ள எழுதியிரிக்கா, லொறி இனி வேணாமாம் எண்டு சொன்னாரு. அண்டைக்குத்தான் ஏணி வச்சி அவரே ஏறி போர்ட்டக் கழட்டினாரு. ஊர் ஆக்கள் தங்களுக்குப் பயந்துதான் கழட்டினாரு எண்டு நினைச்சாங்க. வாப்பா ஒண்டும் சொல்லல்ல."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

எனக்குச் சொன்னவன் ஒருத்தன். மரியாதையாகச் சொன்னான். நான் பொழுது படுமுன் பச்சை அடித்தேன். உங்களுக்குச் சொன்னவர்கள் ஒரு ஊர். தம்பியைப் புதைத்த ஈரம் காயுமுன் வந்து சொன்னார்கள். நீங்கள் மூன்று மாதம் மாட்டேன் என்று நின்றீர்கள். உங்களை ஏணியில் ஏற வைத்தது என் அழகான கையெழுத்து. அதைப் படித்துவிட்டு, பெட்டிகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இதைத் தெரிந்துகொள்ளாமலே நானும் போயிருக்கலாம். இந்த வயதில் இதை என்ன செய்வது, காக்கா? மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

எழும்பும்போது உங்கள் மகள் கேட்டாள்.

"அந்தக் காயிதத்தில என்ன மாமி எழுதியிரிந்திச்சி? வாப்பா அதுக்குப் பிறகு கன நாள் ஒழுங்காச் சாப்பிடல்ல. கேட்டா ஒண்டுமில்ல எண்டு சொல்லுவாரு."

உங்கள் கண்ணே அவளுக்கு. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா சொன்னதுதான் மகள்" என்றேன். "லொறி இனி வேணாம் எண்டு எழுதின."

அவள் தலையாட்டினாள். வாசல்வரை வந்து பஸ்ஸுக்கு வழி காட்டினாள். உங்கள் ஊர் முடியும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு, முப்பது வருடத்துக்கு முந்திய அந்த வசனத்தை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு எழுத்து மறக்கவில்லை. அதைப் படித்தவர்களில் நீங்களும் இப்போது உயிரோடு இல்லை, பூபாலப்பிள்ளை அண்ணனும் இல்லை. கனடாவில் இருப்பவர் மறந்திருப்பார். இனி அது என்னோடுதான் இருக்கும்.